கழுவிய கையும் ரப்பர் பாலும்



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை என்றால் மன்னர்களையும் போர்களையும் எழுதுவதுதான் வழக்கம். நானும் இங்கே ஒரு போரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்தப் போரில் வாள் இல்லை, பீரங்கி இல்லை. எதிரியோ கண்ணுக்கே தெரியாதவன். போர் நடந்த இடம் மருத்துவமனை. நோய் தீர்க்கப் போன இடத்திலேயே புது நோய் பிடித்துக் கொள்ளாமல் இருக்க மனிதன் என்னென்ன செய்தான் என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்த வரலாற்றில் நம் தோட்டத்து ரப்பர் பாலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே இது ஏதோ வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஆளு திரும்பி வரமாட்டான்" என்று நம் பாட்டிமார்கள் பயந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பயத்தில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளில் சேரும் 100 நோயாளிகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 100க்கு 15 பேருக்கும், அங்கே இருக்கும்போதே ஏதாவது ஒரு புதிய தொற்று வருகிறதாம். இன்றைக்கே இந்த நிலை என்றால், கிருமி என்ற சொல்லையே அறியாத காலத்தில் எப்படி இருந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

வியன்னாவின் இரண்டு பிரசவ வார்டுகள்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. அங்கே ஒரு பெரிய பொது மருத்துவமனை. அதில் ஏழைத் தாய்மார்களுக்கென இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது வார்டில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள்.

1846ஆம் ஆண்டுக் கணக்கு இது. முதல் வார்டில் 4,010 பிரசவங்கள். மாண்ட தாய்மார்கள் 459 பேர். இரண்டாவது வார்டில் 3,754 பிரசவங்கள்; மாண்டவர்கள் 105 பேர். பிள்ளை பெற்ற சில நாட்களில் கடுங்காய்ச்சல் வரும், வயிறு வீங்கும், தாய் போய்விடுவாள். படித்த டாக்டர்கள் பார்த்த இடத்தில் நூற்றுக்கு 11 பேர். மருத்துவச்சிகள் பார்த்த இடத்தில் நூற்றுக்கு 3 பேர் கூட இல்லை! ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்தே இருந்தது. முதல் வார்டில் போடாதீர்கள் என்று மண்டியிட்டு அழுதார்கள். வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், தெருவில் பெற்றவர்களுக்குக் கூட இந்தக் காய்ச்சல் அதிகம் வரவில்லை.

அங்கே உதவி டாக்டராக இருந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரி நாட்டுக்காரர், வயது 28. ஏன் இந்த வேறுபாடு என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். காற்றா? இரண்டு வார்டுக்கும் ஒரே காற்றுதான். கூட்டமா? இரண்டாவது வார்டில்தான் கூட்டம் அதிகம். சாகிறவர்களுக்குச் செபம் செய்ய வரும் பாதிரியார் மணியடித்துக்கொண்டு வருகிறாரே, அந்தப் பயமோ? மணியை நிறுத்திப் பார்த்தார். சாவு நிற்கவில்லை.

1847 மார்ச் மாதத்தில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனை செய்யும்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் கீறிவிட்டது. அவ்வளவுதான். அவர் உடலில் கண்ட மாற்றங்கள் எல்லாம், காய்ச்சலில் மாண்ட தாய்மார்களின் உடலில் கண்டவையே! செம்மல்வைஸுக்குப் பளிச்சென்று புரிந்தது. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிண அறையில் வேலை செய்கிறார்கள். பிறகு கையைச் சும்மா கழுவிவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிண அறைக்குப் போவதில்லை. எமன் வந்தது காற்றிலே அல்ல, டாக்டரின் கையிலே!

அந்த ஆண்டு மே மாதத்தில் வார்டு வாசலில் ஒரு பாத்திரத்தில் குளோரின் கலந்த நீரை வைத்தார். கையைத் தேய்த்துக் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆனது. அடுத்த ஆண்டான 1848இல் 3,556 பிரசவங்களுக்கு 45 சாவுகள்தான். மார்ச், ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் ஒரு தாய்கூடச் சாகவில்லை.

இவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பெரிய பெரிய டாக்டர்களுக்குக் கோபம் வந்தது. "என் கையாலா அந்தத் தாய் செத்தாள்?" என்று கேட்டுக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? கிருமியைப் பற்றி அன்று அறிவியலும் வளரவில்லை. அவர் சொன்னதற்குக் காரணம் காட்ட முடியவில்லை. 1849இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. மனம் நொந்து ஊர் திரும்பினார். 1861இல் நூல் எழுதினார், மதிப்பார் குறைவு. கடைசியில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, 1865 ஆகஸ்டு 13ஆம் நாள், 47 வயதில் இறந்தார். அவர் உயிரைக் குடித்ததும் புண்ணில் ஏறிய தொற்றே. என்னே கொடுமை!

கிளாஸ்கோவின் சிறுவன்

அவர் இறப்பதற்கு முதல் நாள், அதாவது 1865 ஆகஸ்டு 12ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வண்டிச் சக்கரம் காலில் ஏறி, எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பார்கள். இல்லையேல் சீழ் பிடித்து ஆள் போய்விடுவான்.

அங்கே இருந்த டாக்டர் ஜோசப் லிஸ்டர், பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிகளைப் படித்தவர். பொருள்கள் கெட்டுப்போவதற்குக் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளே காரணம் என்று பாஸ்டர் கண்டிருந்தார். புண் சீழ் பிடிப்பதும் அப்படித்தானே என்று லிஸ்டர் சிந்தித்தார். சாக்கடை நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தை எடுத்து, துணியில் நனைத்துப் புண்ணைக் கட்டினார். ஆறு வாரத்தில் சிறுவன் சொந்தக் காலில் நடந்தான். 1867இல் லிஸ்டர் தம் முறையை உலகுக்கு எழுதினார். வியன்னாவில் காரணம் காட்ட முடியாமல் போன உண்மைக்கு இங்கே காரணம் கிடைத்துவிட்டது.

1879இல் பாஸ்டரின் துணைவரான சார்லஸ் சாம்பர்லாந்து, அழுத்தமான நீராவியால் கருவிகளைச் சுத்தம் செய்யும் பாத்திரத்தை உருவாக்கினார். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் எந்த விதியில் வேலை செய்கிறதோ, அதே விதிதான். மூடிய பாத்திரத்தில் ஆவியின் சூடு 121 பாகை வரை ஏறும்; வெறும் கொதிநீரில் சாகாத கிருமியும் அதில் சாகும். இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் கத்தியும் கத்தரிக்கோலும் இப்படித்தான் சுத்தமாகின்றன.

கருவியை ஆவியில் வைக்கலாம். ஆனால் கையை ஆவியில் வைக்க முடியுமா? கைக்குக் கடுமையான மருந்துநீர்தான். அந்த மருந்து கிருமியைக் கொன்றது; கூடவே கையின் தோலையும் தின்றது.

ஒரு தாதியின் கை

1889ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறுவைக் கூடத்தின் தலைமைத் தாதி கரோலின் ஹாம்ப்டன் என்ற அம்மையார். பாதரச மருந்துநீரில் நாள்தோறும் கை நனைத்ததால் அவர் கைகளில் தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. நல்ல தாதி, வேலையை விட்டுப் போய்விடும் நிலை.

அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இதைக் கவனித்தார். குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி, மெல்லிய ரப்பரில் இரண்டு சோடிக் கையுறைகள் செய்து தரச் சொன்னார். அவை நன்றாக உழைத்தன. மேலும் செய்யச் சொன்னார். மற்ற உதவியாளர்களும் போடத் தொடங்கினார்கள். 1890இல் ஹால்ஸ்டெட்டும் அந்த அம்மையாரும் திருமணமும் செய்துகொண்டார்கள்.

கவனியுங்கள். அந்தக் கையுறை நோயாளிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு தொழிலாளியின் கையைக் காக்கச் செய்யப்பட்டது. சில ஆண்டுகள் சென்ற பிறகே அதன் முழுப் பலன் தெரிந்தது. ஹால்ஸ்டெட்டிடம் பயின்ற டாக்டர் ஜோசப் பிளட்குட் 1896 முதல் ஒவ்வோர் அறுவையிலும் கையுறை அணியலானார். 1899இல் 450க்கு மேற்பட்ட குடலிறக்க அறுவைகளின் கணக்கை வெளியிட்டார். புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. வேலை செய்பவரின் கையைக் காக்கப் போய், படுத்திருப்பவரின் உயிரையும் காத்தார்கள்! இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பினாங்குப் பிள்ளையின் முகக்கவசம்

கைக்கு உறை வந்தது; மூச்சுக்கு? அதற்கு வழி காட்டியவர் நம் நாட்டு மண்ணில் பிறந்தவர். டாக்டர் வூ லியன் தே 1879இல் பினாங்கில் பிறந்தார். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று டாக்டரானார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள ஹார்பின் நகரில் கொடிய பிளேக் நோய் பரவியது. சீன அரசு இவரை அனுப்பியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று எல்லாரும் நம்பிய காலம். இந்த நோயோ நுரையீரலைத் தாக்குகிறது, இருமலில் வரும் மூச்சு வழியே ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்று வூ கண்டார். மெல்லிய துணிக்கு இடையில் பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தை டாக்டர்களும் தாதியரும் வேலைக்காரரும் அணிய வேண்டும் என்றார்.

பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி என்பவர் வயதிலும் பதவியிலும் மூத்தவர். இந்த இளைஞர் சொல்வதை அவர் ஏற்கவில்லை. கவசம் இல்லாமலே பிளேக் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில், 1911 சனவரியில், அதே நோய்க்கு இரையானார். அதன் பிறகு ஊரெங்கும் கவசம் தேடினார்கள். ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்த நோய் 1911 வசந்த காலத்துக்குள் அடக்கப்பட்டது. வூ பிற்காலத்தில் ஈப்போவில் மருத்துவம் பார்த்து, 1960இல் பினாங்கில் மறைந்தார். 2020இல் கோவிட் வந்தபோது நாமெல்லாம் மாட்டிய கவசத்துக்கு முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

மரத்திலிருந்து மருத்துவமனைக்கு

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஹால்ஸ்டெட்டின் கையுறை நம் நாட்டுப் பாலில் ஆனதல்ல. அப்போது மலாயாவில் ரப்பர் தோட்டமே இல்லை. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்திருந்தன. அவற்றின் வழியே கோலகங்சாரிலும் சில மரங்கள் வளர்ந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்பவர் சிங்கப்பூரில் கண்டறிந்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் முதன்முதலில் வியாபாரத்துக்கென ரப்பர் நட்டார். அதன் பிறகுதான் காடுகள் தோட்டங்களாயின. கங்காணியின் பேச்சைக் கேட்டு நம் முன்னோர்கள் கப்பலேறினார்கள்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, குளிர் நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்று மரம் மரமாக ஓடிய நம்மவர்களுக்கு, அந்தப் பால் எங்கே போகிறது என்று யார் சொன்னார்கள்? பெரும்பகுதி மோட்டார் வண்டிச் சக்கரமாகப் போனது. ஒரு பகுதி ஸ்டோரில் அமோனியா கலக்கப்பட்டு, உறையாமல் பாலாகவே கப்பலேறியது. மரத்துப் பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கே ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆலையில் அதை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து, 60 பங்காகக் கெட்டியாக்குவார்கள். கை வடிவத்தில் செய்த பீங்கான் அச்சை அந்தப் பாலில் முக்கி எடுத்து, காயவைத்து, கழுவி, சூட்டில் பதப்படுத்தி உரித்தால் அதுதான் கையுறை. பால் மங்கில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்தெடுத்த கைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஒரு கையுறையை ஒரே தடவையோடு வீசிவிடவில்லை. தாதியர் அதைக் கழுவுவார்கள், காற்றை ஊதி ஓட்டை பார்ப்பார்கள், ஒட்டுப் போடுவார்கள், மாவு தூவி ஆவியில் வைப்பார்கள். 1960களில்தான் ஒருமுறை போட்டுக் கழிக்கும் அறுவைக் கையுறை வந்தது.

1981இல் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அறியப்பட்டது. இரத்தத்தின் வழியே தொற்றும் என்று தெரிந்ததும், எந்த நோயாளியின் இரத்தத்தையும் கையுறை இன்றித் தொடக்கூடாது என்று 1987இல் அமெரிக்கச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. உலகமெங்கும் கையுறைக்கு அடிபிடி! 1980களின் பிற்பகுதியில் மலேசியாவில் கையுறை ஆலைகள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. 2020ஆம் ஆண்டில் உலகம் வாங்கிய கையுறைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்நாட்டிலிருந்து போனவை.

பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பும் மூச்சுத் திணறலும் வரும். உள்ளே தூவிய மாவு அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பும். எனவே 2017இல் அமெரிக்கா மாவுக் கையுறையைத் தடை செய்தது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரின் பங்கு இன்று மிகவும் ஏறிவிட்டது. தோட்டங்களிலும் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் நடந்தது நடந்ததே. நம் பெரியவர்கள் வெட்டிய பாலும் முன்பின் அறியாத எத்தனையோ நாட்டுத் தாய்மாரின் பிரசவத்தில் காவல் நின்றது. அதைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 நவம்பரில் கிள்ளான் வட்டாரத்தில், உலகத்தைக் காக்கக் கையுறை செய்த தொழிலாளர்களிடையே கோவிட் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டார். நெருக்கடியான விடுதிகளில் தங்கியிருந்தவர்கள். லயத்து வீட்டில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் முடங்கிய கதையை அறிந்த நமக்கு இது புதிதா? 1889இல் ஒரு தாதியின் கைப்புண்ணைப் பார்த்து மனம் இரங்கியதால் கையுறை பிறந்தது. அதைச் செய்கிறவனின் நலத்தை மறந்தால், அந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

படுக்கைக்கு வந்த மருந்து

கையுறை வந்ததால் கை கழுவ வேண்டாமா? வேண்டும்! கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம். கழற்றும்போது கையில் ஒட்டலாம். ஒரே கையுறையோடு நாலு நோயாளிகளைத் தொட்டால், வியன்னா டாக்டரின் கைக்கும் அந்தக் கைக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தீவிரச் சிகிச்சை வார்டில் ஒரு தாதி மணிக்கு இருபது தடவைக்கு மேல் கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் குழாயடிக்குப் போய் ஒரு நிமிடம் சோப்புப் போட்டால், நோயாளியை எப்போது பார்ப்பது? சுவிட்சர்லாந்தின் ஜெனிவா மருத்துவமனையில் டாக்டர் டிடியே பிட்டே தாதியரைத் திட்டவில்லை; அவர்களுடைய நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். குழாய்க்கு ஆள் போவதற்குப் பதிலாக மருந்து ஆளிடம் வரட்டும் என்றார். ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு மருந்தைப் படுக்கை தோறும் வைத்தார். சட்டைப் பையிலும் வைக்கச் சொன்னார். இருபது முப்பது விநாடிகளில் வேலை முடிந்தது.

1994இல் கை சுத்தம் செய்ய வேண்டிய நூறு தடவைகளில் 48 தடவை செய்தவர்கள், 1997இல் 66 தடவை செய்தார்கள். மருத்துவமனையில் தொற்றுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 17 பேரிலிருந்து 10 பேராகக் குறைந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் அந்த மருந்தைக் கலக்கும் முறையை 2009இல் எல்லா நாடுகளுக்கும் தந்தது. விலை மலிவு, ஏழை நாடும் தானே கலந்துகொள்ளலாம். மாணவர்களே, கோவிட் காலத்தில் பள்ளி வாசலில் உங்கள் கையில் ஊற்றிய சானிடைசர் இந்த வரலாற்றின் பிள்ளைதான். கையில் அழுக்குப் படிந்திருந்தால் மட்டும் அது போதாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகளும் ஆல்கஹாலுக்கு அஞ்சுவதில்லை.

இன்றைய புதுக் கருவிகள்

இன்று மருத்துவமனைகளில் வரும் கருவிகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நோயாளி வீடு திரும்பிய பின், காலியான அறைக்குள் ஓர் இயந்திரம் நுழைகிறது. புற ஊதாக் கதிரை நாலாபக்கமும் பாய்ச்சுகிறது. கிருமியின் உயிர்க்கூறு சிதைகிறது. சூரிய வெளிச்சம் கிருமியைக் கொல்லும் என்று 1877லேயே இங்கிலாந்தில் கண்டுபிடித்திருந்தார்கள். பாயையும் தலையணையையும் வெயிலில் போடும் நம் வீட்டுப் பெண்கள் அந்த உண்மையின் பக்கத்தில்தான் நின்றார்கள். அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளில் இந்தக் கதிரைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான துப்புரவோடு இதையும் சேர்த்தபோது, முரட்டுக் கிருமிகள் அடுத்த நோயாளியைப் பிடிப்பது நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. ஆனால் கதிர் நிழலுக்குள் போகாது; அழுக்குக்குள்ளும் போகாது. துப்புரவுத் தொழிலாளி முதலில் துடைத்துவிட்டுப் போனால்தான் இயந்திரத்துக்கு வேலை.

செம்பையும் திரும்பப் பார்க்கிறார்கள். செம்பின் மேல் விழுந்த பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் மடிகின்றன. 2008இல் அமெரிக்க அரசு இதை ஏற்றுப் பதிவு செய்தது. கட்டில் கம்பி, கதவுப் பிடி ஆகியவற்றைச் செம்புக் கலவையில் செய்து பார்க்கிறார்கள். செம்புக் குடத்தை வீட்டில் வைத்திருந்த நமக்கு இது அந்நியமான செய்தியல்ல.

எல்லாவற்றிலும் வியப்பானது கிருமியின் மரபணுவைப் படிக்கும் கருவி. 2011இல் கேம்பிரிட்ஜ் நகரில் பச்சிளங்குழந்தை வார்டில் ஒரு முரட்டுக் கிருமி திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. வார்டைச் சுத்தம் செய்தார்கள், 64 நாட்கள் ஒன்றுமில்லை, மறுபடியும் வந்தது! 154 ஊழியர்களைச் சோதித்தார்கள். கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதில், தாம் அறியாமலே ஓர் ஊழியர் அதைச் சுமந்திருப்பது தெரிந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள். செம்மல்வைஸ் 1847இல் சொன்னதைத்தான் இந்தப் புதுக் கருவியும் சொல்கிறது: காக்கின்ற கையே சில வேளை கொண்டுவரும் கையாகவும் இருக்கும். ஒரு வேறுபாடு உண்டு. அன்று சொன்னவரைத் துரத்தினார்கள்; இன்று கேட்டு நடந்தார்கள். வளர்ச்சி என்பது அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

கருவி பாதி, மனம் பாதி. "நான் படித்தவன், என் கை சுத்தம்" என்றவர்களால் தாய்மார்கள் மாண்டார்கள். "என் கையிலும் இருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டவர்களால் பிழைத்தார்கள். இந்தப் பணிவு நமக்கும் வேண்டும்.

பெற்றோர்களே! சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தால், பாசத்தில் பத்துப் பேராகப் போய்க் கட்டிலில் உட்காராதீர்கள். படுக்கையருகே தொங்கும் மருந்தை உள்ளே போகும்போதும் வரும்போதும் கையில் தேயுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள். புண்ணின் கட்டை அவிழ்த்துப் பார்க்காதீர்கள். தாதியோ டாக்டரோ கை சுத்தம் செய்ய மறந்திருந்தால், "மிஸ்ஸி, கை சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்று மரியாதையோடு கேளுங்கள். அதில் தப்பில்லை. வார்டைத் துடைக்கும் தொழிலாளியை ஏளனமாகப் பார்க்காதீர்கள்; அவரும் உயிர் காப்பவரே.

மாணவச் செல்வங்களே! மணியைச் சந்தேகித்து, காற்றைச் சந்தேகித்து, கடைசியில் தன் கையையே சந்தேகித்தாரே, அதுதான் அறிவியல். கணக்கு எழுதிவைத்ததால்தான் அவருக்கு உண்மை பிடிபட்டது. ஆகவே கணக்கை வெறுக்காதீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா என்று எண்ணாதீர்கள். உங்கள் தாத்தா பாட்டி வெட்டிய பால் உலகத்தின் அறுவைக் கூடங்களுக்குள் நுழைந்தது. நாளை நீங்களே தாதியாக, டாக்டராக, ஆராய்ச்சியாளராக அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு அங்கே நுழைய வேண்டும். நுழையுமுன் கையை நன்றாகக் கழுவுங்கள்!

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!